டிஸ்சார்ஜ் ஆயாச்சு... குணமாயாச்சா?

(தீக்காயம் பட்டவர் வீடு திரும்பும்போது நாம் தெரிந்திருக்க வேண்டியவை)



நம்ம பக்கம் ‘மருந்து’ என்றால் இரண்டு அர்த்தம். ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து, பட்டாசுக்குள் செலுத்துவதும் மருந்து. இந்த இரண்டாவது மருந்தால் வெந்து, முதல் மருந்தால் பிழைத்து வீடு வந்து சேரும் நம் சகோதரிகளைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம். அடுப்பில், வெந்நீரில், விளக்கில் சுட்டுக்கொண்டவர்களுக்கும் இதே பாடம்தான்.

2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம், 2023 அக்டோபர் 17 ரெங்கபாளையம், 2024 மே 9 செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி. இந்தத் தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இறந்தவர் இத்தனை பேர், காயம்பட்டவர் இத்தனை பேர் என்று பேப்பரில் எண்ணிக்கை வரும். காயம்பட்டவர்கள் சிவகாசி அரசு மருத்துவமனை, விருதுநகர், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை என்று போவார்கள். சில வாரமோ சில மாதமோ கழித்து வீட்டுக்கு வருவார்கள். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று எந்தப் பேப்பரிலும் வராது.

நாங்கள் வீடு வீடாகப் போகும்போது பார்ப்பது இதைத்தான். உயிர் பிழைத்து வந்திருப்பார். ஆனால் விரல் மடங்கிப் போய், சோற்றைப் பிசைய முடியாமல் இருப்பார். கழுத்து நெஞ்சோடு ஒட்டி, அண்ணாந்து தண்ணீர் குடிக்க முடியாமல் இருப்பார். “ஆஸ்பத்திரியில நல்லாத்தான் இருந்துச்சு, வீட்டுக்கு வந்த பெறகுதான் இப்படி ஆயிருச்சு” என்பார்கள். இதில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. சுருக்கமாகச் சொன்னால், உயிரைக் காப்பாற்றுவது ஆஸ்பத்திரி, கையைக் காப்பாற்றுவது வீடு.

தோல் ஏன் சுருங்குகிறது?

வெந்த இடத்தில் உடம்பு புதுத்தோலை உண்டாக்குகிறது. புதுத்துணி தண்ணீரில் நனைந்தால் சுருங்குகிற மாதிரி, அந்தப் புதுத்தோலும் சுருங்கிக்கொண்டே போகும். புண் ஆறிய முதல் சில மாதங்களில்தான் இந்தச் சுருக்கம் வேகமாக நடக்கும். தழும்பு அடங்கி மெதுவாக ஆக ஒரு வருடம், சில பேருக்கு இரண்டு வருடம்கூட ஆகும்.

இழுத்து நீட்டினால் வலிக்கும். மடக்கி வைத்தால் சுகமாக இருக்கும். அதனால் கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டு படுத்துவிடுகிறோம். தோலும் அந்த நிலையிலேயே சுருங்கி இறுகிவிடுகிறது. சுகமாக இருக்கும் நிலைதான் நம்மை முடக்கும் நிலை. இந்த ஒரு வரியைக் குழுவில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கிளம்பும் முன்பு கேட்க வேண்டிய 7 கேள்விகள்

டிஸ்சார்ஜ் என்று சொன்னதும் பாத்திரம் பண்டத்தைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறும் அவசரம் எல்லோருக்கும் இருக்கும். பிள்ளைகளைப் பார்த்து எத்தனை நாள் ஆகியிருக்கும்! ஆனாலும் அரைமணி நேரம் பொறுத்து இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

1. இன்னும் ஆறாத புண் எங்கே இருக்கிறது? கட்டு எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்? நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாற்றிக்கொள்ளலாமா?
2. எந்த மாத்திரை, எந்த வேளை, எத்தனை நாள்? சர்க்கரை, பிரஷர் மாத்திரையை அப்படியே தொடரலாமா?
3. எந்த இடத்தில் தண்ணீர் படலாம், எந்த இடத்தில் படக்கூடாது?
4. என்ன பயிற்சி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை?
5. மட்டை (கை மடங்காமல் கட்டுவது) அல்லது இறுக்கமான அழுத்த உறை போட வேண்டுமா? எத்தனை மணி நேரம்?
6. மறுபடி எந்தத் தேதியில், எந்த வார்டுக்கு, யாரைப் பார்க்க வரவேண்டும்?
7. வீட்டில் என்ன நடந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே வரவேண்டும்?

நர்ஸம்மா சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தால் பாதி மறந்துபோகும். “நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்கம்மா” என்று சொல்லிக் காட்டுங்கள். கட்டுப் போடுவதையும் பயிற்சியையும் அவர்கள் முன்னாலேயே ஒரு தடவை செய்து காட்டுங்கள். வீட்டில் யார் பார்த்துக்கொள்ளப் போகிறாரோ அவர்தான் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். அம்மா பார்த்துக்கொள்ளப் போகிறார், கற்றுக்கொண்டவர் தம்பி என்றால் பயன் இல்லை.

இன்னொன்று. கூலி போகிறது, பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள் என்று டாக்டர் போகச் சொல்லும் முன்பே கையெழுத்துப் போட்டு வந்துவிடுவது நம்மிடம் நிறைய நடக்கிறது. ஆறாத புண்ணோடு வந்தால் சீழ் பிடித்து மறுபடி அதே வார்டுக்குத்தான் போக வேண்டும். வீட்டு நிலைமைதான் பிரச்னை என்றால் குழுவுக்குச் சொல்லி அனுப்புங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும். ஆறுவதற்கு முன்னால் வந்த உடம்புக்கு ஆள் கிடைத்துப் பயன் இல்லை.

காகிதங்கள் பத்திரம்!

டிஸ்சார்ஜ் சீட்டு, விபத்துப் பதிவேட்டு நகல், போலீஸில் பதிவு ஆகியிருந்தால் எப்.ஐ.ஆர். நகல், மருந்துச் சீட்டுகள், பில்கள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஊக்குநரிடம் கொடுத்து வையுங்கள்.

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள ஆலையில் வேலை நேரத்தில் விபத்து என்றால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் சுமார் 90 சதவீதம் தற்காலிக ஊனப் பயனாகக் கிடைக்கும். இதற்கு எத்தனை மாதம் சந்தா கட்டினோம் என்ற கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் ஆலையிலிருந்து விபத்து அறிக்கை போயிருக்க வேண்டும், ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சான்று தொடர்ந்து வாங்க வேண்டும். விவரங்களைச் சிவகாசி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் கேளுங்கள். கை நிரந்தரமாக மடங்கிப் போனால் மருத்துவ வாரியம் பார்த்து நிரந்தர ஊனப் பயனும் உண்டு. ஈ.எஸ்.ஐ. இல்லாதவருக்கும் முதலாளியிடம் இழப்பீடு கேட்கும் சட்ட உரிமை இருக்கிறது. “ஏதோ கொடுக்கிறத வாங்கிட்டு எழுதிக் கொடுத்திரு” என்று யாராவது வெள்ளைத்தாளை நீட்டினால் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். முதலில் தொழிலாளர் துறை அலுவலகத்திலோ மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ கேளுங்கள். பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம்.

தோல் சுருக்கத்துக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993 என்ற இலவச எண்.

வீடு தயாரா?

நோயாளி வருவதற்கு முந்தின நாளே குழுவிலிருந்து இரண்டு பேர் போய் வீட்டைத் தயார் செய்யுங்கள். நம் வீடுகள் சின்னது, தெரியும். ஆனாலும் இவ்வளவு செய்யலாம்:

* காற்றோட்டமான ஒரு மூலை. கட்டில் இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிப் போடுங்கள். கொசுவலை வேண்டும்.
* சுத்தமாகத் துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த பருத்திச் சேலை, போர்வை. நைலக்ஸ், பாலியஸ்டர் வேண்டாம்.
* ஆடு, கோழி, நாய் அந்த மூலைக்கு வராமல் தடுப்பு.
* கை கழுவ சோப்பும் தண்ணீரும் வாசலிலேயே. தொடுகிறவர் யாராக இருந்தாலும் கை கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும்.
* புகை ஆகாது. விறகு அடுப்பு வெளியே போகட்டும். பீடி, சிகரெட் வீட்டுக்குள் வேண்டாம். மூடிய அறையில் தீப்பிடித்துப் புகையை உள்ளே இழுத்தவருக்கு இது ரொம்ப முக்கியம்.
* மருந்துப் பொடி ஒட்டிய வேலைச் சேலையோடு யாரும் பக்கத்தில் போகக் கூடாது. குளித்து மாற்றிவிட்டுப் போகட்டும்.

வரும் வழியில் உச்சி வெயிலில் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டி வராதீர்கள். புதுத்தோல் வெயில் தாங்காது. காலை நேரத்திலோ சாயந்தரமோ, வெந்த இடத்தை மெல்லிய பருத்தித் துணியால் மூடிக் கூட்டி வாருங்கள்.

தினமும் செய்ய வேண்டியது

*குளியல்:* டாக்டர் அனுமதித்திருந்தால் தினமும் கழுவலாம். காய்ச்சி ஆறவைத்த வெதுவெதுப்பான தண்ணீர், வாசனை குறைந்த சோப்பு. புதுத்தோலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. ஆகவே பார்த்துக்கொள்பவர் தன் முழங்கையை விட்டுச் சூடு பார்க்க வேண்டும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

*எண்ணெய்:* முழுதாக ஆறி மூடிய தோலுக்கு மட்டும், டாக்டர் சொன்ன களிம்போ சுத்தமான தேங்காயெண்ணெயோ ஒரு நாளைக்குப் பல தடவை மெதுவாகத் தடவலாம். எண்ணெய்ச் சுரப்பி வெந்துபோனதால் அந்தத் தோல் தானாக ஈரமாகாது. அதனால்தான் அரிப்பு. ராத்திரி அரிப்பு தூங்க விடாது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள், சொறிவதற்குப் பதிலாக உள்ளங்கையால் தட்டிக் கொடுங்கள், ஈரத்துணி வையுங்கள். அரிப்புக்கு மாத்திரையும் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

*ஆறாத புண்ணில்* மஞ்சள், பச்சிலைச் சாறு, சாம்பல், பேஸ்ட், முட்டை வெள்ளைக்கரு எதுவும் வேண்டாம். பெரியவர்கள் அன்போடுதான் சொல்வார்கள். “டாக்டர் ஒன்னும் போடக்கூடாதுன்னுட்டார் அத்தே” என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

*பயிற்சி:* இதுதான் உயிர். எண்ணெய் தடவி இளகிய பிறகு செய்தால் சுலபம்.

- விரல்: கையை நன்றாக மூடித் திறக்க வேண்டும். கட்டைவிரலால் மற்ற நான்கு விரல் நுனியையும் தொட வேண்டும். புண் இருக்கும்போது விரல்களுக்கு நடுவே தனித்தனியாகத் துணி வைத்துக் கட்ட வேண்டும். சேர்த்துக் கட்டினால் விரல்கள் ஒட்டிக்கொள்ளும்.
- முழங்கை, முழங்கால்: முழுக்க நீட்டி மடக்க வேண்டும். படுக்கும்போது நீட்டி வைக்க வேண்டும்.
- அக்குள்: சுவரைப் பார்த்து நின்று, விரலாலேயே ‘ஏணி ஏறுவது’ போலக் கையை மேலே கொண்டுபோக வேண்டும். நேற்று எட்டிய இடத்தில் கரிக்கோடு போட்டு வையுங்கள். இன்று ஒரு விரற்கடை அதிகம் போனால் அதுவே வெற்றி!
- கழுத்து: தலையணை கூடாது. தோளுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தலை பின்னால் சாய்ந்த மாதிரி படுக்க வேண்டும்.
- வாய் ஓரம் வெந்திருந்தால்: ‘ஆ’ என்று அகலத் திறந்து மூட வேண்டும்.

வலிக்கும். இழுக்கிற வலி இருந்தாலும் செய்யத்தான் வேண்டும். தோல் பிளந்து ரத்தம் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மட்டை, அழுத்த உறை கொடுத்திருந்தால் புழுக்கமாக இருக்கிறது என்று கழற்றிப் பரணில் போடாதீர்கள். அழுத்த உறையைக் குளிக்கவும் துவைக்கவும் மட்டுமே கழற்றுவது வழக்கம்.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அதில் தன்னார்வலர்களாகச் சேர்ந்தவர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக்குழுப் பெண்கள்தான். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், “எங்க ஊருக்கு பிசியோதெரபிஸ்ட் எந்தக் கிழமை வர்றாங்க?” என்று கேட்டு, நம் ஆளின் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள்.

*சாப்பாடு:* பருப்பு தின்றால் சீழ் பிடிக்கும், முட்டை சூடு, மீன் ஆகாது என்று வெறும் ரசம் சாதத்தில் பத்தியம் வைப்பது பெரிய தவறு. புதுத்தோல் உண்டாகப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, பாசிப்பயறு, நிலக்கடலை, மீன், பால், தயிர் கொடுங்கள். முருங்கைக்கீரை, கொய்யா, நெல்லிக்காய் சேருங்கள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு!

காய்ச்சல், குளிர் நடுக்கம், சீழ் அல்லது கெட்ட வாடை, புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, குறைந்த வலி மறுபடி கூடுவது, ஒட்டவைத்த தோல் கருத்து உரிவது, ஒன்றுமே சாப்பிட முடியாமல் போவது – இதில் ஒன்று இருந்தாலும் மறு தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். மூச்சுத் திணறல், மயக்கம், நினைவு தடுமாறுதல் என்றால் உடனே 108.

மனசில் பட்ட காயம்

சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடும். கண்ணை மூடினால் தீ தெரியும். கண்ணாடி பார்க்கப் பயம். கூட வேலை பார்த்தவர் போய்விட்டார், நான் ஏன் இருக்கிறேன் என்று தோன்றும். இது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. பெரிய விபத்தைக் கண்ட மனசு அப்படித்தான் துடிக்கும். பல வாரம் ஆகியும் குறையவில்லை, அல்லது சாகலாம் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை வாயில் வந்தால் அலட்சியம் கூடாது. தனியாக விடாதீர்கள். 14416 டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

பார்க்கப் போகிற நமக்கும் ஒரு பாடம். “ஐயோ, லட்சணமான மொகம் இப்படி ஆயிருச்சே!” என்று வாசலிலேயே ஒப்பாரி வைக்காதீர்கள். “வாத்தா, சொவத்துல இன்னைக்கு எதுவரைக்கும் கை போச்சு?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பத்து ஆறுதலுக்குச் சமம்.

வீடே பாதுகாப்பு இல்லை என்றால்?

இதைச் சொல்லாமல் இந்தப் பாடம் முடியாது. பெண்களுக்குப் படும் தீக்காயம் எல்லாமே விபத்து அல்ல. “ஸ்டவ் வெடிச்சிருச்சு” என்று வார்டில் சொன்னவர், டிஸ்சார்ஜ் ஆகி அதே வீட்டுக்கு, அதே ஆளிடம் போக வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகும்போது, வீட்டு ஆட்கள் இல்லாத நேரத்தில் மெதுவாகக் கேளுங்கள்: “அந்த வீட்டுக்குப் போக உனக்குப் பயமா இருக்கா?” பதில் சொல்ல அவசரப்படுத்த வேண்டாம். முதலில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலும் பிறகு உண்மையைச் சொல்லிப் புகார் கொடுக்கலாம். 181 பெண்கள் உதவி எண். மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. தற்காலிகமாகத் தங்கவும், மருத்துவ, சட்ட உதவிக்கும் அங்கே போகலாம். அங்கே போக எப்.ஐ.ஆர். வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். எங்கே போவது என்பதை அந்தச் சகோதரிதான் முடிவு செய்ய வேண்டும். அவர் முடிவுக்குத் துணை நிற்பது நம் வேலை.

மறுபடி வேலைக்கு எப்போது?

கடன் தவணை கழுத்தை நெரிக்கும்போது, புண் ஆறியதும் ஆறாததுமாகத் திரி வெட்ட உட்காருகிறவர்களைப் பார்க்கிறோம். புதுத்தோல் மெல்லிசானது. உரசினால் கொப்புளம் வரும், ரசாயனப் பொடி பட்டால் எரியும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். தீயைக் கண்டு கை நடுங்குகிறவர் அந்த வேலைக்கே திரும்பித்தான் ஆகவேண்டும் என்று இல்லை. தையல், ஆடு, கடை என்று மாற்று யோசிக்கக் குழுக்கடன் எதற்கு இருக்கிறது?

வருகிற குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் அல்லது தெருவில் தீக்காயத்தோடு வீடு திரும்பியவர் யார்? அவர் கை, கழுத்து இப்போது எப்படி இருக்கிறது? (தழும்பு பழசானாலும் தோல் சுருக்கத்தைச் சரிசெய்ய ஆபரேஷன் உண்டு. காட்டச் சொல்லுங்கள்.)
2. வீடு திரும்பும் உறுப்பினருக்கு எத்தனை மாதம் தவணையைத் தள்ளி வைக்கலாம்? மறு பரிசோதனைக்குப் போக பஸ் செலவுக்கு உள்கடன் எவ்வளவு கொடுக்கலாம்?
3. முதல் மூன்று மாதம் தினமும் ஒருவர் போய்ப் பயிற்சி செய்ய வைக்க முறை போட முடியுமா?
4. ஈ.எஸ்.ஐ. எண், காப்பீட்டு அட்டை யார் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை?

பேசியதோடு விடாமல் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மூன்றாவது தீர்மானத்துக்குப் பணம் தேவையில்லை. ஆளுக்கு ஒரு நாள், கால்மணி நேரம் போதும். பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் ஒருவருக்கு முறை வருவது பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவைதான். அந்தக் கால்மணி நேரத்தில்தான் ஒரு சகோதரி தன் கையால் தன் பிள்ளைக்குத் தலை பின்னி விடுவாளா, மாட்டாளா என்பது இருக்கிறது.